பனம்பு மடத்தில் ஒரு போர்டிங்: அன்னை ஏலீஸ்வாவின் வாழ்க்கை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையாக இருந்தால் நல்லது என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியும் கலாம் அவர்களைப் பற்றியும் எழுத நம்மில் நிறைய பேர் உண்டு. போன மலர்களில் எழுதியும் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டவர் இன்ஜினியர் இல்லை. பட்டம் எதுவும் வாங்காதவர். பாலம் கட்டவில்லை, அணை கட்டவில்லை. ஆனால் ஓலையும் மூங்கில் தட்டியும் வைத்து ஆரம்பித்த ஒரு வீட்டை, கிராமத்துப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற போர்டிங்காக மாற்றிக் காட்டியவர். அவர் பெயர் ஏலீஸ்வா. எலிசபெத் என்ற பெயருக்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். கேரளக் கத்தோலிக்கர்களிடையே எல்லோரும் அறிந்த பெயர். நம்ம பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது.

எனக்கே தெரிந்தது வேலை விஷயமாகப் போனபோதுதான். எர்ணாகுளத்திலிருந்து வடக்கு பரவூர் போகிற தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு சாலை வேலையில் சில மாதங்கள் இருந்தேன். வராப்புழை, கூனம்மாவு என்று அந்த வழியில் வரிசையாக ஊர்கள். டீக்கடையில், பெட்டிக்கடையில், சர்வே பண்ணப் போன வீடுகளில் இந்த அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் கிறிஸ்தவன் இல்லை. அதனால் பக்தி நோக்கில் எழுதவில்லை. ஒரு சைட் இன்ஜினியர், இந்தக் கட்டுமானம் எப்படி நின்றது என்று பார்க்கிற மாதிரி பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபது வயதில் விதவை

ஏலீஸ்வா பிறந்தது 1831 அக்டோபர் 15. ஊர் ஓச்சந்துருத்து. கொச்சித் துறைமுகத்துக்கு எதிரே நீளமாகக் கிடக்கிற வைப்பீன் தீவில் இருக்கிறது. அப்பா தொம்மன், அம்மா தாண்டா. வசதியான குடும்பம், இவர்தான் மூத்த பெண். அன்றைக்கு வைப்பீனிலிருந்து எங்கே போவதென்றாலும் வள்ளம்தான். பாலம் என்ற பேச்சே கிடையாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல்.

1847-ல், பதினாறு வயதில், கூனம்மாவைச் சேர்ந்த வாகயில் குடும்பத்து வறீதுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1850-ல் அன்னா என்று ஒரு பெண் குழந்தை. குழந்தை தவழ்கிற வயதில் வறீது நோயில் இறந்துபோனார். ஏலீஸ்வாவுக்கு அப்போது வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் மறுமணத்துக்குத் தடை இல்லை. சின்ன வயசு, சொத்து உண்டு, ஒரே ஒரு குழந்தை. பெரியவர்கள் வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். அது அக்கறையில் சொன்னது, தப்பாகச் சொல்ல முடியாது. ஏலீஸ்வா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகவும் இல்லை. அந்த வீட்டிலேயே இருந்து, குழந்தையை வளர்த்து, பிரார்த்தனையும் ஏழைகளுக்கு உதவியுமாக வருடங்களைக் கழித்தார். கூடப் பிறந்த தங்கை த்ரேசியாவும் பின்னால் இவரோடு சேர்ந்துகொண்டார்.

இப்படி ஏறக்குறைய பத்து வருடம் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத பத்து வருடம். நம்ம பாஷையில் சொன்னால், தரைக்கு மேலே எதுவும் தெரியாத அஸ்திவாரக் காலம்.

அன்றைய நாடு

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரும் கொச்சியும் எப்படி இருந்தன என்று ஒரு வரி தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளப் பல ஆண்டுகள் போராடி, 1859-ல்தான் அரசு அறிவிப்பு வந்தது. ஒரு பெண் மேல் துணி உடுத்துவதே போராட்டமாக இருந்த நாட்டில், பெண் பிள்ளை சிலேட்டு பிடிப்பதைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இன்று தமிழ்நாட்டில் இருக்கிற நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பெண் பிள்ளைகளுக்குப் போர்டிங் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அந்த வருமானத்தை அந்தப் பிள்ளைகளுக்கே உதவும்படி செய்திருந்தார். குமரி மாவட்டத்து நண்பர்களுக்கு இந்த லேஸ் கதை நன்றாகத் தெரிந்திருக்கும். ஆக, பெண் பிள்ளைகளுக்குப் போர்டிங் என்ற எண்ணம் ஏலீஸ்வா காலத்துக்கு முன்பே இந்த மண்ணில் விழுந்தாயிற்று.

ஆனால் அதை நடத்தியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரி அம்மாக்கள். உள்ளூர்ப் பெண்கள் தாங்களே ஒரு வீட்டில் கூடி, தாங்களே பொறுப்பேற்று, பிறர் வீட்டுப் பெண் பிள்ளைகளை இரவும் பகலும் வைத்துப் படிக்க வைப்பது என்பது கேரளக் கத்தோலிக்கர்களிடையே அதுவரை இல்லை. அங்கே துறவு மடங்கள் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கு என்று உள்ளூரில் ஒரு துறவற சபைகூட இல்லை.

மூன்று ஆண்களின் துணை

1862-ல் ஏலீஸ்வா தன் மனதில் இருந்ததை லெயோபோல்டு பெக்காரோ என்ற பாதிரியாரிடம் சொன்னார். இவர் கூனம்மாவு மடத்தில் இருந்த இத்தாலியக் கார்மேல் துறவி. பிரார்த்தனையிலும் சேவையிலும் வாழ்நாளைக் கழிக்க வேண்டும், தன்னைப் போல விரும்புகிற பெண்களுக்கும் அதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். பெக்காரோ அதை வராப்புழை ஆயர் பெர்னர்தீன் பச்சினெல்லியிடம் கொண்டுபோனார். ஆயரும் இத்தாலியர்தான்.

மூன்றாவதாக இதில் கை கொடுத்தவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா. நம்மில் சிலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். 1805-ல் குட்டநாட்டில் கைநகரி என்ற ஊரில் பிறந்தவர். 1846-ல் மன்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளியும் அச்சுக்கூடமும் தொடங்கியவர். மலையாளம், சமஸ்கிருதம், சிரியாக், லத்தீன் மட்டுமல்லாமல் தமிழும் அறிந்தவர். கோவில் இருக்கிற இடத்தில் எல்லாம் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்ற சபை உத்தரவை ஊர் ஊராக நடைமுறைப்படுத்திய பெருமை இவருக்கு உண்டு. பள்ளிக்கூடம் என்ற சொல்லே இதிலிருந்துதான் வந்தது என்று கேரளத்தில் சிலர் சொல்வார்கள். அந்தச் சொல் அதற்கு ரொம்பவும் முந்தியது, தமிழிலும் உண்டு. அது வேறு விஷயம். ஆனால் கோவிலையும் பள்ளியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அந்த மக்களிடம் உண்டாக்கியதில் சாவறாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட, வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னவர் சாவறா என்று அங்கே சொல்கிறார்கள். அங்கே அதற்குப் பேர் பிடியரி. நம்ம ஊரிலும் பிடியரிசி என்று வழக்கம் உண்டல்லவா? அதேதான். இந்தப் பிடி அரிசியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பனம்பு மடம்

1866 பிப்ரவரி 13. கூனம்மாவில் பெண்களுக்கான மடம் ஆரம்பமானது. கேரளத்தின் முதல் உள்ளூர்ப் பெண் துறவற சபை அதுதான். ஏலீஸ்வா, பதினாறு வயதை ஒட்டிய மகள் அன்னா, தங்கை த்ரேசியா, இவர்களோடு வைக்கம் பக்கத்திலிருந்து வந்த கிளாரா. அம்மா, மகள், சித்தி என்று ஒரே குடும்பத்து மூன்று பேர், வெளியிலிருந்து ஒருவர்.

கட்டடம்? பனம்பால் கட்டிய வீடு. பனம்பு என்றால் மூங்கிலைக் கீறி முடைகிற பாய். நம்ம ஊரில் மூங்கில் தட்டி என்போமே, ஏறக்குறைய அது மாதிரி. அதனால்தான் இன்றைக்கும் அதைப் பனம்பு மடம் என்றே சொல்கிறார்கள். மேற்குக் கரையில் ஜூன் மாதம் மழை பிடித்தால் எப்படிப் பெய்யும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கான்கிரீட் போட ஒரு நாள் கிடைக்காமல் நாங்கள் தவித்திருக்கிறோம். அந்த மழையைத் தாங்குகிற கட்டடம் இல்லை அது. சாவறாவும் பெக்காரோவும் நிதி திரட்டி நிலையான கட்டடத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். 1867-ல் புது மடத்துக்குக் குடி போனார்கள்.

அடுத்த ஆண்டு, 1868-ல், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் போர்டிங்கும் வந்தன. ஆதரவு இல்லாத பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. மடம் தொடங்கி இரண்டே வருடத்தில். எழுத்து, வாசிப்பு, ஞானோபதேசம், தையல், ஜெபமாலை கட்டுவது, வீட்டு வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய கண்ணால் பார்த்தால் இதெல்லாம் ஒரு படிப்பா என்று தோன்றலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. தையல் ஊசி பிடித்த கைக்குச் சம்பாதிக்கவும் ஒரு வழி தெரிந்தது.

ஏன் போர்டிங்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தேன். பள்ளிக்கூடம் மட்டும் போதாதா? எதற்குத் தங்கிப் படிக்கும் வீடு?

அந்த நாட்டின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. வீடுகள் நம்ம ஊர் மாதிரி ஒரே இடத்தில் கூட்டமாக இருக்காது. தென்னந்தோப்புக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். நடுவில் ஆறு, தோடு, காயல், வயல். மழைக்காலத்தில் வள்ளம் இல்லாமல் நகர முடியாது. பத்து வயதுப் பெண் பிள்ளையைத் தினமும் தனியாக யார் அனுப்புவார்கள்? அனுப்பினாலும் மழை மாதங்களில் பாதி நாள் பள்ளி போச்சு. வீட்டில் இருந்தால் தம்பியைத் தூக்க வேண்டும், தண்ணி எடுக்க வேண்டும், நெல் குத்த வேண்டும். அப்புறம் கல்யாணம். பள்ளிக்கூடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், அந்தப் பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆறும் ஒரு அடுப்படியும் நின்றன.

போர்டிங் அந்த இரண்டையும் ஒரே அடியில் தாண்டியது. தூரம் இல்லை, வீட்டு வேலை இழுக்காது, வேளாவேளைக்குச் சோறு, ராத்திரி படிக்க விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, தகப்பனுக்கு நிம்மதி. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? அந்த வீட்டில் இருந்தவர்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள். அவர்களுடைய குடும்பம் தெரியும், பேச்சு தெரியும், அதே கஞ்சி, அதே மீன் குழம்பு. தலைமையில் இருந்தவர் ஒரு பெண் பிள்ளையைத் தனியாக வளர்த்துக் காட்டிய தாய். இன்னொருவர் வீட்டுப் பெண்ணை நம்பி ஒப்படைக்க அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இதை எழுதும்போது என் அம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்க அம்மா பிறந்தது பஸ் வராத ஒரு கிராமம். அஞ்சாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதற்கு மேலே படிக்க ஏழு மைல் போக வேண்டும். தாத்தா அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு சிஸ்டர்தான் தாத்தாவிடம் பேசி, மடத்துப் போர்டிங்கில் சேர்த்தார். பீஸ் என்று பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. அறுவடையின்போது நெல், இடையிடையே விறகு, அவ்வளவுதான். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாவாடை தாவணியோடு போனவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துத்தான் திரும்பினார். அந்த ஊரில் அதுவரை படித்த முதல் பெண் அவர்தான். பின்னாளில் சத்துணவு மையத்தில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் இந்தக் கல்லூரியில் முதல் செமஸ்டர் மெஸ் பில் கட்டினேன். மதம் மாறச் சொல்லி ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். சாமி கும்பிடும் நேரத்தில் எங்க குலதெய்வத்தை நினைத்துக்கொள்வாராம்!

கூனம்மாவில் 1868-ல் ஆரம்பித்தது நாடு முழுக்க எத்தனையோ மடங்களில் எத்தனையோ பேரால் நடந்த வேலையின் ஒரு கண்ணி. அதில் ஏதோ ஒரு கண்ணியில் எங்க அம்மாவும் இருந்தார்.

கட்டிய வீட்டை விட்டு

ஏலீஸ்வாவின் கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். என்னை உலுக்கியது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

கை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஆயர் பெர்னர்தீன் 1868-ல் இறந்தார். சாவறா 1871 ஜனவரி 3-ம் தேதி கூனம்மாவிலேயே காலமானார். ஏலீஸ்வா மடத்தையும் பள்ளியையும் போர்டிங்கையும் நடத்திக்கொண்டே இருந்தார். வருடம் இருபதுக்கு மேல் ஓடியது. திருச்சூர்ப் பக்கம் காட்டூர் என்ற கிராமத்திலிருந்து ரோசா என்று ஒரு பெண் பிள்ளை பத்துப் பதினோரு வயதில் அந்தப் போர்டிங்கில் வந்து சேர்ந்தாள். பின்னாளில் யூப்ரேசியா என்ற பெயரில் துறவியாகி, 2014-ல் சாவறாவோடு அதே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர்தான். அப்படிப்பட்ட பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த வீடு அது.

இதற்கிடையே சபையில் ஒரு பெரிய மாற்றம். கேரளக் கத்தோலிக்கர்களில் லத்தீன் முறையில் வழிபடுகிறவர்கள் உண்டு, பழைய சிரியன் முறையில் வழிபடுகிறவர்கள் உண்டு. நம்பிக்கை ஒன்று, பூசை முறை வேறு. அதுவரை இரண்டு பேரும் ஒரே ஆயரின் கீழே இருந்தார்கள். 1887-ல் ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்து, சிரியன் முறைக்காரர்களுக்குத் தனி நிர்வாகம் ஏற்பட்டது. அவர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் கூனம்மாவு மடத்தில் இரண்டு முறையைச் சேர்ந்த பெண்களும் ஒன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே சோறு, ஒரே பிரார்த்தனை, ஒரே போர்டிங் பிள்ளைகள். மடம் சிரியன் நிர்வாகத்தின் பங்குக்குப் போயிற்று.

ஏலீஸ்வாவும் அவர் குடும்பமும் லத்தீன் முறைக்காரர்கள். 1890 செப்டம்பரில் ஏலீஸ்வா, மகள் அன்னா, தங்கை த்ரேசியா மூவரும் தாங்கள் தொடங்கிய மடத்தை விட்டுக் கிளம்பினார்கள். 24 வருடம் வாழ்ந்த வீடு. ஏலீஸ்வா அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நினைத்துப் பாருங்கள். நாம் போட்ட பிளான், நாம் நின்று பார்த்த கட்டடம், நம் கையால் சேர்த்த ஆட்கள். ஒரு நாள் காலையில் இது உங்கள் டிவிஷன் இல்லை என்று ஆர்டர் வருகிறது. நம்மில் எத்தனை பேர் அதற்குப் பிறகு வேலையைப் பற்றி யோசிப்போம்? கோர்ட்டுக்குப் போவோம், மனு போடுவோம், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் புலம்புவோம். வயசாகிவிட்டது, இனி ஓய்வு என்று உட்கார்ந்தும் விடுவோம்.

அந்த மூன்று பேரும் பக்கத்தில் இருக்கிற வராப்புழைக்குப் போனார்கள். அங்கிருந்த ஆயர் மெல்லானோ இடம் கொடுத்தார். அதே 1890-ல் அங்கே புது மடம் தொடங்கியது. மறுபடியும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி, மறுபடியும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடு. ஒன்றாம் நாளிலிருந்து. இருபதுகளில் தனிமையில் காத்திருந்தவர், முப்பதுகளில் தொடங்கியவர், அறுபதை நெருங்கும்போது இரண்டாவது முறையாகத் தொடங்கினார். அங்கேயே இருபத்திரண்டு வருடங்களுக்கு மேல் உழைத்து, 1913 ஜூலை 18-ம் தேதி காலமானார். வயது 81. கல்லறை வராப்புழையில்தான் இருக்கிறது.

கூனம்மாவு என்ன ஆயிற்று? அது அழியவில்லை. அங்கே தங்கிய சகோதரிகளின் வழியில் வளர்ந்தது கார்மேல் அன்னை சபை. வராப்புழையிலிருந்து வளர்ந்தது தெரேசியன் கார்மேல் சபை. இரண்டும் இன்று பல மாநிலங்களில் பள்ளிகளும் விடுதிகளும் நடத்துகின்றன. பெண்களை மூங்கில் தட்டி வீட்டிலிருந்து கிளப்பிவிட்டது யார் என்ற கணக்கை வரலாறு பார்க்கவில்லை. ஒரு மடம் இரண்டாயிற்று, போர்டிங் பலவாயிற்று என்பதுதான் மிச்சம். 2025 நவம்பர் 8-ம் தேதி வல்லார்பாடத்தில் ஏலீஸ்வாவை அருளாளர் என்று கத்தோலிக்க சபை அறிவித்தது. அவர் இறந்து 112 வருடங்களுக்குப் பிறகு.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 92 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 73. இதற்கு ஒரு அம்மாவோ ஒரு சபையோ மட்டும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மன்னர்களின் உத்தரவு உண்டு. நாராயண குரு உண்டு. பள்ளி வாசலில் நுழைய விடாத பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன அய்யன்காளியின் போராட்டம் உண்டு. பலர் இழுத்த தேர் அது. அதன் வடத்தில் ஏலீஸ்வாவின் கையும் இருந்தது.

நமக்கு என்ன?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இந்த மலர் உங்கள் கையில் கிடைக்கும் அன்று மாலை சங்கத்தின் பொதுக்குழு கூடுகிறது. சேர்ந்திருக்கும் நிதியை என்ன செய்வது என்பது அஜெண்டாவில் இருக்கிறது. கல்லூரி வாசலில் நினைவு வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை. நான் சிவில் படித்தவன், வளைவு கட்ட எனக்கும் ஆசை உண்டு! சீனியர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

நம் கல்லூரியைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பெண் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அரசு என்ன செய்யவில்லை? 2004 முதல் கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மேற்படிப்புக்குப் போக வேண்டுமானால் முதலில் பிளஸ் டூ முடிக்க வேண்டுமே. மேல்நிலைப் பள்ளி பக்கத்தில் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம்தான் ஆறு. கடைசி பஸ் ஆறு மணிக்குப் போய்விடும் ஊரில், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவள் எப்படி வீட்டுக்குப் போவாள்? சிஸ்டர்கள் நடத்தும் விடுதியோ, வேறு நல்லவர்கள் நடத்தும் விடுதியோ, எங்கே பாதுகாப்பாகத் தங்கலாமோ அங்கே அவளைச் சேர்த்து, அந்த இரண்டு வருடத்துச் சாப்பாட்டுச் செலவையும் தங்கும் செலவையும் நம் சங்கம் ஏற்கட்டும். எந்த மதத்து விடுதி, எந்த மதத்துப் பிள்ளை என்ற கேள்வி வேண்டாம். பிள்ளைக்கு விருப்பம் உண்டா, பெற்றோருக்குச் சம்மதம் உண்டா, வார்டன் பொறுப்பானவரா, கணக்கு நேராக இருக்கிறதா என்ற கேள்விகள் போதும்.

இதற்கு ஒரே தடவை பெரிய தொகை தேவையில்லை. பிடி அரிசியை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார்களும், உள்ளூரில் காண்டிராக்ட் எடுக்கும் நண்பர்களும், இப்போதுதான் முதல் சம்பளம் வாங்கிய தம்பி தங்கைகளும் மாதா மாதம் அவரவர் சக்திக்கு ஒரு பிடி எடுத்து வைத்தால் போதும். ஒரு மாதம் நிறைய, அடுத்த மாதம் இல்லை என்றால் பிள்ளை நடுவில் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். கொஞ்சமானாலும் நிற்காமல் வர வேண்டும். கூனம்மாவில் பனம்பு வீடு போய் நல்ல வீடு வந்தது, பிறகு அந்த வீடும் கை மாறியது. அடுப்பில் உலை வைப்பது மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் அந்த வேலை நின்றது.

இப்போது கல்லூரியில் படிக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் ஊரில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியாது. பெயரை எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். வேலையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அடுத்த வருடமும் கட்டலாம், அதற்கு அடுத்த வருடமும் கட்டலாம். நல்ல டிசைன் நானே போட்டுத் தருகிறேன், பீஸ் வேண்டாம்! இந்த ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மட்டும் அடுத்த வருடம் என்பது கிடையாது.

பொதுக்குழுவில் சந்திப்போம். வாழ்க நம் கல்லூரி, வளர்க நம் சங்கம்.

அன்புடன்,
சிவில் பிரிவு முன்னாள் மாணவன்